பழைய சர்வரை நோண்டாதீர்கள், பக்கத்தில் புதிதை ஏற்றுங்கள்

"ஏனுங்க தம்பி, ஓடிட்டுத்தான இருக்குது, அதைப் போய் எதுக்குங்க நோண்டோணும்?" கோவைப் பக்கம் நூல் வியாபாரிகளின் சர்வர்களைப் பராமரிக்கும் நான் சலிக்கச் சலிக்கக் கேட்ட கேள்வி.

ஓடுவது உண்மைதான். ஆனால் அதில் இருப்பது உபுண்டு 14.04. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2019 ஏப்ரலோடு நின்றுபோயின. காசு கட்டி நீட்டிப்பு வாங்காவிட்டால், பிறகு தெரியவந்த ஓட்டைகள் எல்லாம் திறந்தேதான் கிடக்கும். விண்டோஸிலும் இதே கதைதான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. கைவிடப்பட்ட சர்வர் 2003க்கு மைக்ரோசாஃப்ட் அதைப் பொதுவில் தந்தது, தாக்குதல் தொடங்கிய பிறகுதான்.

எனவே மாற்றத்தான் வேண்டும். அதற்காக, ஓடும் மெஷினிலேயே அப்கிரேடு கட்டளையைத் தட்டும் துணிச்சல்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 14.04இலிருந்து 24.04க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. 16, 18, 20, 22 என நின்று நின்றுதான் ஏற வேண்டும். முதல் படியிலேயே பிஎச்பி 5 போய் 7 வந்துவிடும். பழைய பில்லிங் புரோகிராம் நம்பியிருந்த மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 7இல் அடியோடு கிடையாது. நடுவழியில் நின்றால், காலையில் லாரி வாசலில் நிற்கும், பில் போட வழியிருக்காது.

பக்கத்தில் புது மெஷினை வைத்து, பேக்கப்பை அதில் ஏற்றிப் பாருங்கள். தமிழில் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பழைய மைஎஸ்க்யூஎல், தானாக விட்டால் லத்தீன்1 குறியீட்டில்தான் வேலை செய்யும். அன்று புரோகிராம் எழுதியவர் அதைக் கவனிக்காமல் யுனிகோடு தமிழை அதற்குள் தள்ளியிருப்பார். பழைய திரையில் பார்ட்டி பெயர்கள் அழகாகத் தெரியும். டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றினால், 'செல்வி' இருந்த இடத்தில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! லத்தீன்1 என்று சொல்லியே டம்ப் எடுத்து, அதற்குள் லத்தீன்1 என்றிருப்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்றிப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. பேக்கப் 'சக்சஸ்' என்றுதான் காட்டியிருக்கும்.

பிறகு கணக்குப்பிள்ளையை உட்காரவைத்து ஒரு வாரம் இரண்டிலும் ஒரே பில்களைப் போடச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பைசா வரை ஒத்துப்போனால் ஞாயிறு இரவு மாற்றலாம். பழையதை உடனே காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வைத்திருங்கள்.

செலவு ஆகும்தான். கொட்டேஷனில் முதலாளிகள் முதலில் அடிப்பது 'ரீஸ்டோர் டெஸ்ட்' என்ற வரியைத்தான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேண்டாமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.