மருந்துக்கு முன் குச்சி நுனியைப் பாருங்கள்

மாசி, பங்குனியில் வேம்பு துளிர்விடும்போது, சேலம் குரும்பப்பட்டிப் பூங்காப் பக்கம் பார்க்கிற கரிச்சானும் பஞ்சுருட்டானும் குச்சிக்கிழங்குக் காட்டோரக் கம்பிகளிலும் வந்து உட்காருகின்றன. பறக்கும் பூச்சிகளைப் பிடிக்க இவற்றைவிடக் கெட்டிக்கார ஆள் கிடையாது. (தேனீயையும் பிடிக்கும், அந்தக் குறை உண்டு.)

ஆனால் குச்சிக்கிழங்கின் பெரும் பகையான மாவுப்பூச்சி, பறவைக்குக் கட்டுப்படாது. வெயில் ஏற ஏற அது பெருகும். செடியின் நுனி சுருண்டு கொத்தாகிவிடும். 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட இந்த அயல்நாட்டுப் பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் காடுகளையும் பிடித்தது. இதை ஒடுக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. கடுகளவே உள்ள இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும்.

கண்டபடி மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. குளவிக்கு என்ன இருக்கிறது? கடன் சொல்லி வாங்கிய மருந்து, பகையை விட்டுவிட்டுக் கூலி கேட்காத ஆளைக் கொல்வது என்ன கணக்கு?

நடவுக்குப் பூச்சி இல்லாத குச்சியாகப் பொறுக்க வேண்டும். தெளிப்பானைத் தூக்குமுன் பத்துச் செடிகளின் நுனியையாவது விரித்துப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சிகள் உப்பி, பழுப்பேறி, அசையாமல் கிடந்தால் குளவி வேலையில் இருக்கிறது. அந்தக் காட்டில் மருந்து வேண்டாம்.