பித்தளைக்கு வெண்கலம் என்று பெயர்

சொல் பொய்த்தால் கவிதை கெடும் என்று நாம் ஓயாமல் வாதிட்டிருக்கிறோம். படகும் மூழ்கும் என்பதை இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாய்மரப் படகின் அடியுடலில், நீர்மட்டத்துக்குக் கீழே, துளைகள் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரவும் கழிவறை நீர் வெளியேறவும் அவை தேவை. ஒவ்வொரு துளையிலும் ஓர் உலோகக் குழாய்முனை; அதன்மேல் ஒரு வால்வு. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் கடல் உள்ளே புகும்.

அந்த உலோகத்தின் பெயரில்தான் ஏமாற்று. 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று விற்கப்படுவதில் ஏறத்தாழ 40 சதவீதம் துத்தநாகம். நம் பாத்திரக்கடைக்காரர்கூட அதைப் பித்தளை என்றே சொல்வார். கடல்நீரில் துத்தநாகம் கரைந்து வெளியேற, வடிவம் குலையாமல் வலுவிழந்த செம்பு மட்டும் எஞ்சும். 'இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே' என்போருக்கு நம் பதில்: வெளியே தெரியாதிருப்பதே இந்நோயின் குணம். 2006-ல் ராண்டம் ஹார்வெஸ்ட் என்ற பிரிட்டிஷ் மீன்பிடிப் படகில் நீர் புகுந்தது இப்படி அரித்துப்போன பித்தளைப் பொருத்தி உடைந்துதான்.

தரநிலையின் லட்சணத்தையும் பார்ப்போம். 1994-இன் ஐ.எஸ்.ஓ. 9093-1, ஐந்தாண்டுப் பயன்பாட்டில் பழுதுறாத பொருளை 'அரிப்பைத் தாங்குவது' என்று வரையறுத்தது. நாற்பது ஆண்டு மிதக்கும் படகுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம்! 2020-ல் புதிய பதிப்பு வந்துவிட்டது; பழைய வரையறையின் கீழ் கட்டப்பட்ட படகுகளோ இன்னும் நீரில்தான் இருக்கின்றன.

ஆகவே மாற்றுங்கள் என்கிறோம். ஆனால் பழைய துளையில் புதிய பித்தளையைத் திருகுவது மாற்றம் ஆகாது. 85 சதவீதம் செம்பும், வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5 சதவீதமும் கொண்ட வார்ப்பு வெண்கலம் இருக்கிறது. துத்தநாகம் கரையாதபடி ஆர்சனிக் சேர்த்த பித்தளையும் கண்ணாடியிழை நைலானும் இருக்கின்றன. குழாய்முனையின் நேர்மரையில் கூம்புமரை வால்வைத் திருகினால் இரண்டு மூன்று சுற்றோடு நின்றுவிடும். அதை இறுக்கம் என்று நம்பாதீர்கள்.

துளையின் இடமும் வேதவாக்கல்ல. கட்டியவர் தம் வசதிக்குத் துளைத்தார். வால்வு கைக்கு எட்ட வேண்டும். காற்றில் படகு சாய்ந்தாலும் எஞ்சினுக்கு நீரெடுக்கும் வாய் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கழிவறைக்கு நீரெடுக்கும் வாய், கழிவு வெளியேறும் வாய்க்கு முன்னால் இருக்க வேண்டும். ஆழமானியின் முன்னே எந்த முனையும் நீரைக் கலக்கக் கூடாது. பயனற்ற துளையைக் கண்ணாடியிழையால் நிரந்தரமாக மூடிவிடலாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் துத்தநாகம் எவ்வளவு? எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.