பிறப்பைப் பேசாத உயிரியல்



கல்லூரி விடுதியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்கிற வாக்குவாதம் நமக்கெல்லாம் தெரியும். இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வரும். கூடப் படிக்கிறவன் ஒருத்தன் சாவகாசமாகச் சொல்வான்: "என்னதான் சொல்லு, அதெல்லாம் ஜீன்லயே இருக்குப்பா." பி.காம். படிக்கிற நம் பையன் பதில் தெரியாமல் நிற்பான். அவனுக்கு உயிரியலே கிடையாது. பக்கத்தில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். மரபியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அவனும் சும்மாதான் இருப்பான். இந்த ரெண்டு பேருடைய மௌனத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரிகளில் உயிரியல் ரெண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேஜர் எடுத்தவன் மூன்று வருஷம் செல், மரபியல், பரிணாமம், உடலியங்கியல் என்று தாள் தாளாக எழுதுகிறான். வரலாறும் வணிகவியலும் படிக்கிறவர்களுக்கு நான்காம் பகுதியில் 'நான் மேஜர் எலெக்டிவ்' என்று ரெண்டு கிரெடிட்டுக்கு ஒரு தாள். உயிரியல் துறைகள் அதில் என்ன தருகின்றன? பெரும்பாலும் அலங்கார மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மண்புழு உரம், காளான் வளர்ப்பு. கைத்தொழிலை இழிவென்று சொன்னவர்கள் நாமல்ல. ஆனால் நாளைக்கு வாத்தியாராக, கிராம நிர்வாக அலுவலராக, போலீசாக, நிருபராக, வக்கீலாகப் போகிறவர்கள் இவர்கள்தான். காளான் எப்படி முளைக்கிறது என்று தெரிந்துகொண்டு, மனுஷன் பிறப்பில் எது வருகிறது, எது வருவதில்லை என்று தெரியாமலே வெளியே போகிறார்கள். "அவங்க ரத்தமே அப்படி" என்கிற பேச்சு, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர்களோடுதான் இருக்கிறது.

சரி, மேஜர்காரனுக்காவது தெரியுமா? 1908இல் ஹார்டியும் வெய்ன்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதியை அவன் மனப்பாடம் செய்திருப்பான். அந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டத்தில் எவரும் எவரோடும் தடையில்லாமல் இணை சேர வேண்டும். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நம்ம ஊர்ல அப்படிச் சேர்ந்தா என்ன நடக்கும்னு வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆணவக் கொலைச் செய்தி படிக்காதவர் அங்கே யாருமில்லை. ஆனாலும் 'சார், நம்ம ஊருக்கு இந்த விதி பொருந்துமா?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் அகமணத்தைப் பேச வேண்டும். அகமணத்தைப் பேசினால் சாதியைப் பேச வேண்டும். அதனால்தான் உதாரணம் எப்போதும் பட்டாணிச் செடியிலேயே நின்றுவிடுகிறது.

விஞ்ஞானம் ஒன்றும் வாய்மூடி இருக்கவில்லை. ரத்த வகைகளையும் புரதங்களையும் வைத்து 1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டுச் சொன்னார்: மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவிகிதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. இந்தத் துணைக்கண்டத்து மக்கள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாகக் கலந்தார்கள். அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான். ஆக, 'ஆதிமுதல் கலக்காத ரத்தம்' என்பது பச்சைப் பொய். இன்று சாதிக்குச் சாதி மரபணுவில் ஏதேனும் தடம் தெரிகிறதென்றால், அது தகுதியின் தடமல்ல. வேலி போட்டதன் தடம்.

இதை முதலில் கையிலெடுத்தவர் யார்? உயிரியல் மேஜர் அல்ல, பொருளாதாரம் படித்த அண்ணல் அம்பேத்கர். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே சாதியின் உயிர்நிலை அகமணம் என்று நிறுவினார். 1936இல் சாதி ஒழிப்பு நூலில், சாதியை இனத்தூய்மை என்றும் மரபுத் தகுதி என்றும் தாங்கிப் பிடித்தவர்களுக்குப் பதில் சொல்ல மரபியலறிஞர் பேட்சனையே மேற்கோள் காட்டினார். மரபியல் என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்த அதே பேட்சன்தான். தனக்குத் துறை எதுவென்று பார்த்து அவர் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

பிறப்பு மட்டுமல்ல, சாவும் உயிரியல்தான். எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியை நம் மாணவர்கள் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். பாதாளச் சாக்கடையில் இறங்கியவனைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு தாக்குவது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முடங்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்கு உதவாது. இன்னொன்றும் தெரியவேண்டும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாத்தம் அடிக்கலையேன்னு நம்பி இறங்குறவன்தான் சாகிறான். தூக்கிவிடப் பின்னால் குதிக்கிறவனும் சாகிறான். 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தும் சாவு நிற்கவில்லை. பத்திரிகை இதை 'விபத்து' என்கிறது. அந்தச் செய்தியை எழுதுகிறவருக்கும் வழக்குப் பதிகிறவருக்கும் இந்த ரெண்டு வரி உயிரியல் போய்ச் சேர்ந்ததா?

எல்லாருக்கும் ஒரே தாள் வைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சுற்றுச்சூழல் பாடம் எல்லாத் துறைக்கும் கட்டாயமாக வரவில்லையா? மரம் பற்றி எல்லாரும் படிக்கலாம், மனுஷனைப் பற்றிப் படிக்கக்கூடாதா?

நாம் கேட்பது இதுதான். மேஜர் அல்லாதவர்களுக்கான தாளில் மனித மரபியலும், அகமணமும், வேலை கொல்லும் விதமும் வரவேண்டும். மேஜர் தாளில் பட்டாணிக்குப் பக்கத்தில் நம் ஊரும் இடம்பெற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டக் குழு கூட்டி இதைச் செய்ய முடியும். மாணவர் தோழர்கள் மனு எழுதுங்கள், துறைத்தலைவரைப் பாருங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

பாடத்திட்டம் மாறுகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். விடுதியில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். விலங்கியல் தோழர் சொல்லிக்கொடுக்கட்டும். வரலாற்றுத் தோழர் கேள்வி கேட்கட்டும். அடுத்த தடவை "ஜீன்லயே இருக்கு" என்று ஒருத்தன் ஆரம்பித்தால், "எந்த ஜீன்ல? எடுத்துக் காட்டு" என்று ரெண்டு பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

- ஆசிரியர் குழு