சேர்க்கை மட்டும் கல்வி ஆகாது

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுராவைக் கடந்ததும் வரும் ஊர் கல்லாறு. அருகே விதுராவிலேயே இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. உயர்கல்வி ஊர் தேடி வந்துவிட்ட காலம் இது. கல்லாறு போன்ற ஓர் ஊரிலிருந்து பார்வையற்ற ஒரு மாணவியோ, சக்கர நாற்காலியில் நடமாடும் ஒரு மாணவனோ பட்டப்படிப்புக்குப் புறப்பட்டால் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை அவர்களுக்கென ஒதுக்கச் சொல்கிறது. வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வும் தருகிறது. ஆனால் சேர்ந்த மறுநாள் அவர்கள் எதைக் கொண்டு படிப்பார்கள், எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லும் கடமையை நம் பல்கலைக்கழகங்களில் பல தட்டிக்கழித்தே வந்திருக்கின்றன.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படிப்பவர்களுக்கு ஓர் உண்மை உறுத்தும். புத்தகங்களையும் உதவிக் கருவிகளையும் மாணவர்களுக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் 18 வயது வரைதான். பள்ளி முடித்துக் கல்லூரி வாசலை மிதிக்கும் வயது அது. பாடம் கடினமாகி, வீட்டை விட்டு விலகி, துணையின்றிப் படிக்க வேண்டிய பருவத்தில் அரசு கையை விலக்கிக்கொள்கிறது. இதை நாடாளுமன்றம் திருத்தியாக வேண்டும். அதுவரை அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகத்துடையது.

விளைவு எண்களில் தெரிகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2019-20இல் நாடு முழுவதும் 92,831 மாற்றுத்திறன் மாணவர்கள் படித்தனர். 2020-21இல் அது 79,035 ஆகச் சரிந்தது. தொற்றுக்காலத்தைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. அதே ஓராண்டில் மொத்த மாணவர் எண்ணிக்கை 3.85 கோடியிலிருந்து 4.14 கோடியாக உயர்ந்தது. சட்டம் ஒதுக்கும் பங்கு நூற்றுக்கு ஐந்து. அந்த ஆண்டு வகுப்பறையில் இருந்தவர்களோ ஆயிரத்துக்கு இருவர்கூட இல்லை.

பணம் இல்லை என்ற சமாதானத்தை நாம் ஏற்க முடியாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிப் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருள் 2006 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழையும் மலையாளத்தையும் அது வாசிக்கும். பதிப்புரிமையும் தடையில்லை: பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதி தந்துவிட்டது. அதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. இத்தனையும் இருந்தும் பேராசிரியர் பாடக்குறிப்பைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்வையற்ற மாணவருக்கு அது வெறும் வெற்றுத்தாள். படத்துக்குள் உள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் நேரடியாகப் படிக்காது. பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பாக இருந்தால் காதில் விழுவது பொருளற்ற ஒலிக்குவியல். ஒருங்குறியில் தட்டச்சு செய்து அனுப்புவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும், அதை மதிக்கும் மனமும் போதும்.

படிக்கும் இடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சாய்தளம் கட்டிவிட்டோம் என்று கணக்குக் காட்டும் நிறுவனங்கள், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்ற விதியை மறந்துவிடுகின்றன. செங்குத்தான சாய்தளம் ஏறுபவரைக் கவிழ்த்துவிடும். சக்கர நாற்காலி உள்ளே நுழையாத மேசையும், திரும்ப இடமில்லாத அலமாரி இடைவெளியும் படிப்பகத்தைப் பாதி மூடிவிடுகின்றன. இன்னொன்று பலர் நினைத்தே பார்க்காதது. நூலகம் அமைதியைக் கேட்கிறது. வாசிப்பவரை அருகில் வைத்துக் கேட்டுப் படிக்கும் மாணவருக்கோ, சொல்லி எழுதுவிக்கும் மாணவருக்கோ குரல் எழும்ப வேண்டும். அவர்களுக்கு ஒரு தனியறை தராமல் அமைதி விதியை மட்டும் நீட்டுவது அவர்களை வெளியே போகச் சொல்வதுதான். சிறு ஓசைக்கும் கவனம் சிதறும் மாணவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான அறை. இரண்டையும் ஒரே அறையால் தீர்க்க முடியாது.

முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், காதுகேளாத மாணவர்களுக்கெனவே பட்டப்படிப்புகளை நடத்துகிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. 2003இல் பார்வையற்றோருக்கான வள மையத்தை நிறுவிய மும்பை சேவியர் கல்லூரியிலும், பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் படித்த பார்வையற்ற பிராஞ்சல் பாட்டீல், 2019 அக்டோபரில் திருவனந்தபுரம் சார் ஆட்சியராகப் பொறுப்பேற்றார். அவருடைய திறமையைப் பாராட்டிய மாவட்டம், அப்படி இன்னொருவர் தன் கல்லூரிகளிலிருந்து உருவாக என்ன செய்தது என்றும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றமும் தன் பங்கைச் செய்துவிட்டது. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் சீரமைக்கச் சொன்ன சட்டத்தின் கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கவும் ஆணையிட்டது. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. இனி, தெரியாமல் நடந்துவிட்டது என்று எந்தத் துணைவேந்தரும் சொல்ல இயலாது.

நண்பர்கள் வாசித்துக் காட்டுவதையும், வகுப்புத் தோழர்கள் படிகளில் தூக்கிச் செல்வதையும் நெகிழ்ச்சியான செய்திகளாக நாமும்தான் வெளியிடுகிறோம். அந்த அன்பு உயர்ந்தது. ஆனால் நிறுவனம் செய்யத் தவறியதன் சாட்சியும் அதுவே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாற்றுத்திறன் மாணவர்களின் தேவைகளுக்கெனப் பொறுப்பான ஓர் அலுவலரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். உதவிக் கருவிகள் உள்ள அறையின் சாவி நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் மாணவருக்குக் கிடைக்க வேண்டும். கேரள அரசு மத்தியச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல், 18 வயதைக் கடந்த மாணவருக்கும் கருவிகளை வழங்க முன்வர வேண்டும். சேர்க்கை நாளிலேயே தேவையைக் கேட்டறிந்து முதல் பருவம் முடிவதற்குள் அதை நிறைவேற்றாத எந்த நிறுவனமும், அந்த மாணவரின் இடத்தைத் தன் ஐந்து விழுக்காட்டுக் கணக்கில் காட்டக் கூடாது.