இரண்டு குப்பி யமுனை

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 300 மில்லி கண்ணாடிக் குப்பி, இரண்டு ரசாயனங்கள், ஆற்றங்கரை வரை வரச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியர் போதும். காற்றுக் குமிழி புகாமல் குப்பியை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால் அடியில் வண்டல் படியும். பழுப்பு என்றால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. வேதியியல் பக்கமே தலைவைக்காத காமர்ஸ் மாணவருக்கும் புரிகிற விடை.

தில்லியில் இதற்கு வசீராபாத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. பல்கலைக்கழக வடக்கு வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே தடுப்பணைக்கு மேலே யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். சற்றுக் கீழே நஜஃப்கர் கால்வாய், ஒரு காலத்தில் சாஹிபி நதி, இன்று சாக்கடையாக வந்து விழுகிறது. கோடையில் மேலே நிரப்பிய குப்பி வழக்கமாகப் பழுப்பாகும். கீழே நிரப்பியது பெரும்பாலும் வெளுத்தே நிற்கும். குளிக்கும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு மறக்காது.

ரசாயனத்தைக் கரையிலேயே விட வேண்டும். கல்லூரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா எடுத்து வந்தால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் வழியிலேயே கிருமிகள் தின்றுவிடும்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழிசெய்தது எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு. உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னதை 2003இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு அப்போது எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள்; களப்பணிக்கு 5. அதற்கான பாடநூலை எழுதியவர் புனேயின் எராக் பரூச்சா. தொழிலால் அறுவை சிகிச்சை நிபுணர்.

மதிப்பெண்ணில் மட்டும் தாராளம்: 100க்கு 25. வினையும் அங்கேதான். நேரம் குறைவு, மதிப்பெண் அதிகம் என்றால் ஜெராக்ஸ் கடைக்குத்தான் வியாபாரம். குளத்தையே பார்க்காமல் குளத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம். கல்லூரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறுபது பேரை ஆற்றுக்கு அழைத்துப் போக பஸ் வேண்டும், அனுமதி வேண்டும், யாராவது வழுக்கி விழுந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

ஆனால் ஒரு முறை போனவர்கள் மறுபடி போகத்தான் கேட்பார்கள். மாதம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். நேரத்தைக் குறிக்காத பதிவேடு உதவாது. உச்சி வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். விடியற்காலையில் அதே தண்ணீரில் அளவு இறங்கியிருக்கும்.