அந்த ஸ்பீடு பஸ்ஸோடது இல்ல, மக்களே!

லேப்ல லினக்ஸில் ‘டிடி’ கமாண்ட் போட்டு பென் டிரைவில் எழுதினா, சில சமயம் நொடிக்கு 1 ஜிகாபைட்னு காட்டும். அதை அப்படியே ரெக்கார்டுல எழுதக் கூடாது என்பது என் கருத்து. யுஎஸ்பி 2.0 பஸ்ஸின் உச்சமே நொடிக்கு 480 மெகாபிட். எட்டால வகுத்தா 60 மெகாபைட்தான். அப்போ நாம அளந்தது எதை? ரேமை! டேட்டா இன்னும் பேஜ் கேஷில்தான் நிக்குது. ‘எஃப்சிங்க்’ சேர்த்து ஓட்டினால்தான் டிரைவில் போய்ச் சேரும் நேரமும் கணக்கில் வரும். அப்பவும் கிடைப்பது பஸ், பென் டிரைவ் ரெண்டில் எது மெதுவோ, அதன் வேகம்.

சிவகாசி அச்சகத்துக்குக் காலண்டர் டிசைன் கொண்டுபோறவருக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்ல. ‘காப்பி முடிஞ்சது’ன்னு நம்பி உடனே பிடுங்கினா, ஃபைல் பாதியில் நிக்கலாம். எண்ணை நம்புறதுக்கு முன்னாடி, அது எதை அளந்த எண்ணுன்னு கேளுங்க.