ஹாலிவுட் கதையும் பாதிரியார் சட்டமும்

ஹாலிவுட்டின் பழைய படங்களைப் பார்த்தவர்களில் பலர், "அக்கதைகளில் நல்லவன் ஜெயிக்கிறான், கெட்டவன் தண்டனை அடைகிறான், ஆகவே அவை ஒழுக்கத்தைப் போதிக்கின்றன" என்று மெச்சுவதுண்டு. அந்த ஒழுக்கம் யார் வகுத்தது என்று விசாரிக்க வேண்டாமா?

1930-ல் அமெரிக்கப் படமுதலாளிகள் தங்கள் படங்களுக்கென்று ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதை எழுதினவர்களில் ஒருவர் டேனியல் லார்டு என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். 1934 முதல் அது கண்டிப்பாய் அமுல் நடத்தப்பட்டது. குற்றவாளியிடம் அனுதாபம் உண்டாக்கக் கூடாது. மதகுருவை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டக் கூடாது. வெள்ளையரும் கறுப்பரும் கூடி வாழ்வதைக் காட்டக் கூடாது என்பவை அதன் விதிகளில் சில.

வியாபாரி அயோக்கியனாய் வரலாம், டாக்டர் கோமாளியாய் வரலாம், பாதிரி மாத்திரம் வரக்கூடாதாம்! பாதிரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மற்றவர்களுக்கில்லாத விலக்கு இவர்களுக்கு மாத்திரம் எதற்கு என்றுதான் கேட்கிறோம். சட்டம் எழுதிய கை யாருடையது என்று பார்த்தால் பதில் தானே விளங்கும்.

இனி அதன் பலனைப் பாருங்கள். 1937-ல் வந்த 'தி குட் எர்த்' சீனக் குடியானவர்களின் கதை. கதாநாயகன் வேஷம் பால் முனி என்ற வெள்ளையருக்குப் போயிற்று. அமெரிக்காவிலேயே பிறந்த சீன வம்ச நடிகை ஆன்னா மே வாங்குக்கு அவன் மனைவி வேஷம் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரரான லூயிஸ் ரெய்னர் சீனப் பெண்ணாய் நடித்து ஆஸ்கார் பரிசும் பெற்றார். சீனப் பெண்ணாயிருக்கக்கூடச் சீனப் பெண்ணுக்கு யோக்கியதை இல்லை போலும்!

1939-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் வேலைக்காரியாய் நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940-ல் ஆஸ்கார் பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. அந்த விருந்திலும் அவரைத் தனி மேஜையில்தான் உட்கார வைத்தார்கள். எஜமானியம்மாளிடம் விசுவாசமாயிருக்கும் வேலைக்காரி திரையில் வேண்டும். விருந்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது!

இனக் கலப்பைத் தடுத்த விதி 1956-ல் எடுபட்டது. 1968-ல் சட்டமே ஒழிந்தது. வானம் இடிந்து விழவில்லை. மனிதன் எழுதியதை மனிதன் அழித்தான், அவ்வளவுதான்.

ஆகையால், தோழர்களே! எந்தக் கதையைப் பார்த்தாலும், யார் நல்லவன் என்று அறிவதோடு நின்றுவிடாதீர்கள். யாரைக் கெட்டவனாகக் காட்டக் கூடாதென்று தடுத்திருக்கிறார்கள், யாரை வேலைக்காரனாகவே வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கதையின் உண்மையான ஆசிரியன் அங்கேதான் அகப்படுவான்.